ஆவுடை வைத்த பொய்

நிலாவின் பின்புறத்தில் பதினொரு பேர் வேலை பார்த்த அந்த ஆய்வு நிலையத்தில், பொய் சொல்வதற்கென்றே ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். பெயர் ஆவுடை, வயது ஐம்பத்திரண்டு, சொந்த ஊர் பாளையங்கோட்டை. நேரில் அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் சமைத்தவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிற ரகம். அவள் பொய் வைத்ததெல்லாம் வானத்தில்தான்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு பழைய அவமானம் காரணமாக இருந்தது. இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு குழு, தான் பார்க்க ஆசைப்பட்டதை வானத்தில் பார்த்துத் தொலைத்தது. இல்லாத ஒன்றை நம்பி மூன்று நாடுகள் தொலைநோக்கி கட்டின. விஷயம் வெளியே தெரிந்தபோது மொத்த வானியல் உலகத்தின் மானமும் கப்பலேறியது. அதன் பிறகு எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக ஒரு விதி வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் தொலைநோக்கி பிடிக்கும் ஒளிப்பதிவுக்குள் ஒரு பொய் விண்மீன் திரளைக் கலந்துவிட வேண்டும். அது எப்படிப்பட்ட பொய் என்று முடிவு செய்வது ஒரு மனிதர். அதை வானத்தின் எந்த மூலையில் வைப்பது என்று முடிவு செய்வது இயந்திரம். அந்த இடம் பொய்யைச் செய்தவருக்கே தெரியாது, பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும்.

குழு எதையாவது கண்டுபிடித்தால், அதை நன்றாகச் சோதித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, இனி ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டோம் என்று முடிவை உறைய வைத்த பிறகுதான் பெட்டி திறக்கும். கண்டுபிடித்தது பெட்டியில் இருந்தால் அது பொய். இல்லாவிட்டால் மெய். பெட்டி திறக்கும் முன் பொய் வைத்தவர் யாரிடமாவது வாயைத் திறந்துவிட்டால் அந்தப் பருவத்தின் மொத்தப் பதிவும் கறைபட்டதாகி, குப்பைக்குப் போகும். மூன்று வருட உழைப்பானாலும் சரி, அதற்குள் இருந்த மெய்யானாலும் சரி.

ஆவுடை ஒன்பது வருடங்களாக, இடையிடையே ஊருக்குப் போய்வந்து, இந்த வேலையைச் செய்துவந்தாள். ஒரு முறைகூட வாய் தவறியதில்லை.

அவளோடு அதே நிலையத்தில் இருந்தவர் இன்னாசி மச்சாது. தூத்துக்குடிக்காரர், அறுபத்து மூன்று வயது, மனைவி இறந்த பிறகு நிலாவுக்கு வந்து ஏழு வருடமாக இறங்காமலே இருந்தார். ஊரில் மகள் ஜெசிந்தாவும் ஏழு வயதுப் பேத்தி ரீத்தாவும் இருந்தார்கள். பேத்தியை அவர் திரையில்தான் பார்த்திருக்கிறார். வாரம் ஒரு முறை சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவளோடு பேசுவார். ஒரு பக்கத்துப் பேச்சு மறுபக்கம் போய்ச் சேர்ந்து பதில் திரும்புவதற்கு மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடியும் அவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

"தாத்தா, கருந்துளை எல்லாத்தையும் முழுங்கிருமாமே? டீச்சர் சொன்னாங்க."

"முழுங்குறது கொஞ்சந்தாம் தாயி. முழுங்கும்போது போடுற ஆட்டந்தான் பெருசு. உள்ள விழுற வாயுவெல்லாம் சூடேறி ஒரு வெளிச்சம் வரும் பாத்துக்க, சுத்தி இருக்கிற சின்னச் சின்னத் திரள்ல உள்ள வாயுவையெல்லாம் ஊதித் தள்ளிரும். வாயு இல்லன்னா புது நட்சத்திரம் பொறக்காது. இருக்கிற நட்சத்திரம் எரிஞ்சு முடிஞ்சா அந்தத் திரளு இருண்டு போவும்."

"அப்ப அதுக்குப் பக்கத்துல யாருமே உயிரோட இருக்க மாட்டாங்களா?"

"அதத்தான் உங்க தாத்தா முப்பது வருசமா தேடுதேன்."

அவர் தேடிய இடம் ஒன்றே ஒன்றுதான். பிரபஞ்சம் பிறந்து எண்பது கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தில், இருநூறு கோடி சூரியன்களின் எடையோடு எரிந்துகொண்டிருந்த ஒரு கருந்துளை. அதன் வெளிச்சம் ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு நடந்து இப்போதுதான் நிலாவுக்கு வந்து சேர்கிறது. நிலையத்தில் அதைப் 'பெரியவர்' என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரியவர் பிறக்க வேண்டுமானால் அந்த வட்டாரத்தில் பொருள் கொட்டிக் கிடந்திருக்க வேண்டும், சுற்றிலும் திரள்கள் சந்தைக்கூட்டமாக நெருக்கியடித்திருக்க வேண்டும். பார்த்தால் ஏழெட்டு மங்கல் புள்ளிகள், மற்றதெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே கூட்டமே இருந்ததில்லை என்றார்கள் மற்றவர்கள். இருந்தது, பெரியவரின் வெளிச்சத்தில் பட்டுப்போய்விட்டது என்றார் மச்சாது. அதோடு நிறுத்தியிருந்தால் அவரைக் கொஞ்சம் பேராவது மதித்திருப்பார்கள். பெரியவருக்கும் ஒரு சின்னத் திரளுக்கும் நடுவே அடர்ந்த தூசிமேகம் ஒன்று மறித்து நின்றிருந்தால், அதன் நிழலில் அந்தத் திரள் பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். சுற்றியுள்ள வாயு பெரியவரின் ஒளியில் மினுங்கும்போது, நிழல் விழுந்த இடம் மட்டும் ஆப்பு வடிவில் கறுத்துத் தெரியும், அதன் உள்ளே உயிருள்ள திரள் இருக்கும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் தலை நரைத்தது. கருத்தரங்குகளில் அவர் எழுந்தாலே பின்வரிசைக்காரர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தப் பருவத்துக்குப் பொய் தயாரிக்க உட்கார்ந்தபோது ஆவுடை நெடுநேரம் யோசித்தாள். ஆசைப்பட்டதை வானத்தில் பார்த்துவிடுகிறார்களா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. அந்த நிலையத்தில் யாருடைய ஆசை பெரியது என்பது அடுப்படிக் கரண்டிக்குக்கூடத் தெரியும். மச்சாதுவின் பழைய கட்டுரைகளை எடுத்து, அவருடைய கணக்கை வரிக்கு வரி பின்பற்றி, நிழலுக்குள் பிழைத்த ஒரு திரளைச் செய்தாள். செய்யும்போது மனசு குத்தத்தான் செய்தது. ஆனாலும் வேலை வேலைதான் என்று இயந்திரத்திடம் கொடுத்துவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கறுப்பு ஆப்பு, அதன் உள்ளே மெல்லிய நீலப் பொட்டு. நிலையத் தலைவி கதீஜாதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் மச்சாதுவைக் கூப்பிட்டாள். அவர் திரைக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். அன்று பால்பவுடரையும் ரவையையும் வைத்து எல்லோருக்கும் கேசரி கிண்டினார். அந்தத் திரளுக்குக் 'குடைக்காரி' என்று பெயரும் வைத்தார். ஆவுடை கேசரியைத் தொடாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதுவரைகூடப் பரவாயில்லை. பெட்டி திறக்கும் நாளில் அவர் உடைந்துபோவார், அவள் பக்கத்தில் இருந்து தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அதற்குள் கப்பல் வந்துவிட்டது.

பதினாலு மாதத்துக்கு ஒரு முறை வரும் கப்பல் அது. நிலாவின் குறைந்த ஈர்ப்பில் ஏழு வருடம் இருந்து மச்சாதுவின் எலும்பெல்லாம் பஞ்சாகியிருந்தது. கப்பலோடு வந்த மருத்துவர் சோதித்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இந்தக் கப்பலில் இறங்கினால் பூமியில் நாலைந்து வருடம் இருக்கலாம். அடுத்த கப்பல் வரை இருந்தால் பூமியின் ஈர்ப்பை அந்த உடம்பு தாங்காது, பிறகு நிலாவிலேயே இருந்து இங்கேயே முடிய வேண்டியதுதான்.

மச்சாது போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குடைக்காரியை உறுதி செய்ய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பதிவு வேண்டும். பெட்டி திறக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன், ஜெசிந்தா அழுது பாத்துட்டாங்க," என்றாள் கதீஜா. "நீங்க சொன்னா கேப்பாரு. ஒருவாட்டி பேசிப் பாருங்களேன்."

ஆவுடை அவர் அறைக்குப் போனாள். பதினாலு நாள் நீளும் நிலாப் பகலின் நடுப்பகுதி அது. சின்ன ஜன்னலில் வெயில் கண்ணைக் குத்தியது. அவர் கட்டில்மேல் உட்கார்ந்து மடியில் திரையை வைத்துக் குடைக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் அவருடைய துணிப்பெட்டி எதுவும் அடுக்காமல் காலியாகக் கிடந்தது.

"அண்ணாச்சி, நாளைக்கிக் கப்பல் கெளம்புது."

"கெளம்பட்டும். நான்தான் எழுதிக் குடுத்துட்டேம்லா."

"ரீத்தா காத்துக்கிட்டு இருக்கும்லா."

"இருக்கும். என்ன செய்யச் சொல்லுத?" அவர் நிமிர்ந்தார். "முப்பது வருசம், ஆவுடை. எத்தன பேரு சிரிச்சான். பெட்டி தெறக்கும்போது நான் இங்ஙன நிக்கணும். அதுக்கப்புறம் எலும்பு நொறுங்குனா நொறுங்கிட்டுப் போவுது."

"பெட்டியில அதுவே இருந்துச்சுன்னா?"

"இருக்காது," என்று சிரித்தார். சிரித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார். மங்கலாகத் தெரிவதை உற்றுப் பார்த்துப் படிப்பதுதான் அவர் தொழில். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஆவுடை... நீயா?"

ஒன்பது வருடம் காத்த வாய் அது. பேத்தியின் முகம் அவள் கண்முன் வந்தது. தான் செய்த பொம்மைக்காக ஒரு மனுஷன் பேத்தியைத் தொடாமலே சாகப் போகிறார் என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை.

"நாந்தான் அண்ணாச்சி. உங்க கணக்க வெச்சுத்தான் செஞ்சேன். நெழலோட அகலம், அந்த நீலம், எல்லாம் உங்க கட்டுரையில இருந்து எடுத்ததுதான்."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பி, நிழலின் நடுப்பகுதியைப் பெரிதாக்கினார்.

"இங்க பாரு. நெழலுக்கு நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கீத்து ஓடுது. தெரியுதா? மேகத்துல எங்கயோ ஒரு கிழிசல் இருக்கு, அது வழியா பெரியவர் வெளிச்சம் ஒழுகுது. இத நான் இன்னும் ஒருத்தர்ட்டயும் சொல்லல. என் கட்டுரை எதுலயும் இது கெடயாது. இதையும் நீதான் வெச்சியா?"

ஆவுடை குனிந்து பார்த்தாள். அப்படி ஒரு கீற்று இருந்தது, இருந்ததாகவும் சொல்லலாம், இல்லாததாகவும் சொல்லலாம். அவள் அதை வைக்கவில்லை. கருவியின் இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் இல்லை என்று அவள் சொன்னால், அந்த மயிரிழையைப் பிடித்துக்கொண்டே அவர் நிலாவில் உட்கார்ந்துவிடுவார். கப்பல் போய்விடும்.

"ஆமா அண்ணாச்சி. அதுவும் நான் வெச்சதுதான்."

அவர் தலையை ஆட்டினார். "நல்லா செஞ்சிருக்க," என்றார். அதில் கோபமோ குத்தலோ இல்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் நேர்த்தியைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். அதைக் கேட்டபோது ஆவுடைக்கு அவர் தன்னை அறைந்திருக்கலாம் என்று இருந்தது.

அன்று சாயங்காலமே குடைக்காரி கண்டுபிடிப்பிலிருந்து தன் பெயரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும் இருந்தது. ஆவுடையைக் காட்டிக் கொடுக்கவில்லை. கீற்றைப் பற்றித் தான் போட்டு வைத்திருந்த கணக்கையெல்லாம் அழித்தார். மறுநாள் கப்பலுக்குப் போகும் குழாய்ப்பாதையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்து, "டப்பால கேசரி மிச்சம் இருக்கு, எடுத்துக்க," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. ரீத்தா தாத்தாவின் தோளில் சாய்ந்திருக்கும் படத்தை ஜெசிந்தா அனுப்பியிருந்தாள். ஆவுடை அந்தப் படத்தைத் தன் மேஜைமேல் ஒட்டி வைத்தாள். விதியை மீறிவிட்டோம் என்ற உறுத்தல் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வாள். செய்தது சரிதான் என்று மனசு சமாதானமாகிவிடும். அவரோடு பேச மட்டும் தைரியம் வரவில்லை. பெட்டி திறந்து பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள்.

ஆறு வாரம் கழிந்தது. கூடுதல் பதிவுகள் வந்தன, குடைக்காரி எல்லாச் சோதனையிலும் தேறினாள். மீதிப் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு முடிவை உறைய வைத்தார்கள். சாப்பாட்டு அறையில் கூடி நின்று கதீஜா பெட்டியைத் திறந்தாள். திரையில் இரண்டு எண்கள் வந்தன. பொய் வைக்கப்பட்ட இடத்தின் எண்கள்.

கதீஜா அவற்றை உரக்கப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு வானப்படத்தில் அந்த இடத்துக்குப் போனாள். பெரியவருக்கு மறுபுறம், படத்தின் விளிம்பில், நம் பால்வீதியைச் சேர்ந்த பிரகாசமான விண்மீன் ஒன்றின் கூசும் ஒளிக்குள் அந்த இடம் இருந்தது. உற்றுப் பார்த்தால் ஆவுடை செய்த நிழலும் நீலப் பொட்டும் அந்த ஒளிக்குள் முங்கிக் கிடந்தன. ஒருவர் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை.

"நாம பொய்யைக் கண்டுபிடிக்கவே இல்ல," என்றாள் கதீஜா. "அப்ப... குடைக்காரி நிஜம். யா அல்லாஹ், நிஜம்!"

அறையே ஆர்ப்பரித்தது. யாரோ ஆவுடையைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்கள். நிலாவில் ஆளைத் தூக்குவது சுலபம். அவளுக்குக் காது அடைத்துப்போயிருந்தது. மச்சாதுவின் கணக்கை வைத்து அவள் ஒரு பொய் செய்தாள். அதே கணக்குப்படி ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுக்கு முன்னால் ஒரு மெய்யும் இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்ததற்கு ஒரே காரணம், அந்த மனுஷன் சொன்னது சரியாக இருந்ததுதான். இத்தனை வருடம் பொய் செய்தவளுக்கு இது மட்டும் தோன்றாமல் போய்விட்டது. அவளும் அவரை நம்பவில்லை, பின்வரிசைக்காரர்களைப் போலவே.

கொஞ்ச நேரம் கழித்துக் கதீஜா அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு புது விஷயம் பாருங்க. நெழலுக்கு நடுவுல ஒரு கீத்து ஓடுது. கூடுதல் பதிவுல பளிச்சுனு தெரியுது. மேகம் எவ்வளவு வேகமா தேயுதுன்னு அத வெச்சே சொல்லிரலாம் போல. மச்சாது சார் எங்கயாவது இதப் பத்திச் சொல்லியிருக்காரா?"

"தெரியல," என்றாள் ஆவுடை.

"பாவம், அவர் பேரே இதுல வராது. என்ன நெனச்சு வாபஸ் வாங்கினாரோ. ஆனா பெட்டி தெறந்து ஒரு மாசத்துக்குள்ள அவரே எழுதிக் கேட்டா மறுபடி சேத்துக்கலாம், விதியில எடம் இருக்கு." கதீஜா ஒரு படிவத்தை நீட்டினாள். "நீங்க வழக்கம்போல இதுல போட்ருங்க."

வழக்கமான படிவம்தான். 'இந்தப் பருவத்தில் வைத்த பொய்யைப் பற்றிப் பெட்டி திறக்கும் முன் நான் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை.' உண்மையைச் சொன்னால் பருவம் முழுவதும் கறைபட்டதாகும், குடைக்காரியும் அதோடு போவாள். சொல்லாவிட்டால் குடைக்காரி இருப்பாள். அண்ணாச்சி அவராகவே எழுதிக் கேட்டால் அவர் பெயரும் இருக்கும், கீற்றும் அவருடையதாகும். அவர் கேட்பார், கேட்க வைக்க வேண்டும். ஆவுடை கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் தொடர்பு அறைக்கு ஓடினாள்.

நிலாவில் ஓடினால் கால் தரையில் நிற்காது, இரண்டு முறை சுவரில் மோதினாள். வாய்க்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். அண்ணாச்சி, குடைக்காரி நெசம். அந்தக் கீத்து நெசம். நான் வைக்கல. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்.

திரையில் ஜெசிந்தாதான் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பின்னால் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, நானே ஒங்களக் கூப்புடணும்னு இருந்தேன். அப்பா முந்தாநாளு காலையில போயிட்டாவ. நெஞ்சு தாங்கல. இங்க உள்ள எடைக்கு அது பழகவே இல்லன்னு டாக்டர் சொன்னாரு. நேத்துதான் அடக்கம் முடிஞ்சுது."

ஆவுடை திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் சொல்லி அனுப்பி வெச்சீங்கன்னு கதீஜா மேடம் சொன்னாங்க. ஒங்கள நான் மறக்கவே மாட்டேன் அத்தை. ஆறு வாரம்னாலும் எங்ககூட இருந்தாவள்லா. ரீத்தா மடியிலயே கெடந்தா." ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுதான் ஆச்சரியமா இருந்துச்சு. வானத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. முந்தியெல்லாம் வாய மூட மாட்டாவ. ரீத்தா கேட்டா, தாத்தா அந்தக் கருந்துளைக்குப் பக்கத்துல யாராவது உயிரோட இருந்தாங்களான்னு. இல்ல கண்ணு, அங்க ஒண்ணுமே இல்ல, தாத்தா தப்பா பாத்துட்டேன்னு சொன்னாவ. ஏதோ தெளிஞ்ச மாதிரி சொன்னாவ. அப்பா நிம்மதியாத்தான் போயிருக்காவ, இல்லயா அத்தை?"

ஆவுடையின் உதடு அசைந்தது.

"நீங்க எதுக்குக் கூப்புட்டீங்க அத்தை? ஏதும் சொல்லணுமா?"

கேட்டுவிட்டு ஜெசிந்தா திரையைப் பார்த்துக் காத்திருந்தாள். நிலாவிலிருந்து பதில் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.